ஓசி வக்கீல் அஞ்சலாட்சியார்

செவ்வேரி வழக்கறுத்த முனியப்பர் கோயிலில் விடிந்ததும் முதலில் கேட்பது துடைப்பச் சத்தம்தான். முந்தின நாள் கூட்டம் மிதித்துப் போட்ட எலுமிச்சம்பழத் தோலையும் வாழைச் சருகையும் கூட்டி அள்ளி, மண்குதிரைகளின் காலடியில் தண்ணீர் தெளித்து, சாமிக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து எழுவார் அஞ்சலாட்சியார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மஞ்சப்பையில் மடித்து வைத்த கறுப்புக் கவுனோடு டவுன் பஸ் ஏறுவார். கோயிலைக் கூட்டுகிற கைதான் கோர்ட்டில் வாதாடுகிற கையும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நம்புவார்கள், நம்பிவிட்டுச் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குக் காரணம், அம்மையார் கட்சிக்காரர் யாரிடமும் ஃபீஸ் வாங்குவதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மற்ற வக்கீல்களின் மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பார். வக்கீல் சங்கத்தில் அவருக்கு 'ஓசி வக்கீல்' என்று பட்டப்பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள்.

இலவசமாக வாதாடுகிறவர்களை அந்தக் கோர்ட்டு பார்க்காமல் இல்லை. பேப்பரில் படம் வருவதற்காக ஒருவர் வாதாடுவார். சங்கத் தேர்தலில் நிற்பவர் ஓட்டு எண்ணும்வரை ஏழைப் பங்காளராக இருப்பார். ஜூனியருக்குக் கை பழகட்டும் என்று ஏழையின் வழக்கைத் தூக்கிக் கொடுக்கும் புண்ணியவான்களும் உண்டு. மனமிரங்கிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அஞ்சலாட்சியார் இவர்களில் யாரோடும் சேர்த்தி இல்லை. ஏனம்மா ஃபீஸ் வாங்குவதில்லை என்று கேட்டால், "பழி வாங்கத்தான்" என்பார்.

அவருடைய அண்ணன் வீரப்பன் சர்க்கரை ஆலையில் கூலிக்காரர். பாகுத் தொட்டியைக் கழுவ இறங்கியவர் உள்ளேயிருந்த விஷக்காற்றில் மயங்கி விழுந்து பிணமாகத்தான் மேலே வந்தார். தாயார் கோர்ட்டுக்குப் போனார். ஆலையைப் பகைத்துக்கொள்ள ஊரில் ஒரு வக்கீலும் முன்வரவில்லை. தாயாரே கூண்டோரம் நின்று கைகூப்பினார். ஆலை வக்கீல் கருணாகரன் எழுந்து, "குடித்துவிட்டுத் தவறி விழுந்தார், இதற்கு ஆலை பொறுப்பல்ல" என்று இரண்டே வரியில் முடித்தார். பேரில் இருந்த கருணை வாயில் இல்லை. ஒரு சொட்டுக் கள்ளைக்கூடத் தொடாத பிள்ளையைக் குடிகாரன் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்தத் தாய் வெகுநாள் இருக்கவில்லை.

செவ்வேரியில் நீதி கிடைக்காதவர்கள் முனியப்பரிடம் பிராது கட்டுவார்கள். குறையைத் தாளில் எழுதிச் சுருட்டி அவருடைய வேலில் கட்டிவிட்டால் வழக்கு அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பாவாடையோடு வந்து அஞ்சலாட்சியார் கட்டிய பிராதில், பொய் சொன்ன வாயே அதைப் பொய்யென்று சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் இருந்தது. கட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வயல் வேலைக்குப் போய், கடன்பட்டு, பட்டினி கிடந்து சட்டம் படித்தார். எங்கள் அம்மாவைப்போல இன்னொருத்தி வக்கீல் இல்லாமல் கூண்டோரம் நிற்கக் கூடாது என்று கவுனைப் போட்ட முதல் நாள் சாமியிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் கண்ணில் இரக்கம் இருந்ததா என்று கேட்டால், கோபம்தான் இருந்தது.

இந்தக் கோபமே அவரைத் தின்றது. பௌர்ணமிப் பூசைக்கு வரும் ரிட்டையர்டு தாசில்தார் ஒருநாள், "மனசுல நெருப்ப வெச்சுக்கிட்டுச் செய்யறது தொண்டு ஆவாதும்மா. சாமி கணக்குல அது ஏறாது" என்றார். அன்று முதல் அம்மையார், குப்பையை அள்ளும்போதெல்லாம் 'இது உனக்கு ஏறுதா, ஏறலையா?' என்று முனியப்பரைக் கேட்டுக்கொண்டே அள்ளினார். முனியப்பர் மீசையை முறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பெரியநாயகி வந்தார். அவர் புருஷனும் அதே தொட்டியில் இறங்கிச் செத்திருந்தார். ஆலையின் பதில் மனுவை அம்மையார் வாங்கிப் படித்தார். 'குடிபோதையில் தவறி விழுந்தார்' என்றே அதிலும் இருந்தது. கையெழுத்து, முடி நரைத்துப்போன அதே கருணாகரன்.

"எங்கூட்டுக்காரரு பீடிகூடப் புடிக்க மாட்டாருங்க வக்கீலம்மா" என்று பெரியநாயகி விசும்பினார்.

"தெரியும்க்கா" என்றார் அம்மையார். வழக்கை ஒப்படைக்கும் வக்காலத்தில் அங்கேயே அவரிடம் கையெழுத்து வாங்கினார்.

இரண்டாவது சாவுக்குப் பிறகு ஊர் ஆலையைக் கரித்துக் கொட்டியது. ஆலையின் சட்டப் பிரிவு யோசித்தது. அழுக்கான வேட்டிக்குச் சோப்பு, அழுக்கான பேருக்கு இலவச சட்ட முகாம். சென்னையிலிருந்து ஒரு இளம் சட்ட அதிகாரி கேமராவோடு வந்தார். கூட்டம் சேருகிற இடம் கோயில்தானே என்று அங்கேயே பந்தல் போட்டார். ஊர்ச் சொல்லாக இருந்தால் ஜனங்கள் ஒட்டுவார்கள் என்று எண்ணி, 'பிராதுகள் இங்கே பெறப்படும்' என்று பேனர் எழுதினார். பந்தலுக்குள் பெரிய நாற்காலியில் கருணாகரன் மாலையோடு உட்கார்ந்தார். அவர் உள்ளூர்க்காரர். பேனரை நிமிர்ந்து படித்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க மாட்டார்.

ஏனென்றால் செவ்வேரி எல்லைக்குள் பிராது வாங்குகிறவர் முனியப்பர் ஒருவர்தான். வேறு யாராவது கை நீட்டி வாங்கினால், முதலில் உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்து, கேட்பதற்கெல்லாம் உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் குலம் விளங்காது.

அஞ்சலாட்சியார் பெரியநாயகியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார். பெரியநாயகி நீட்டிய பிராதுத் தாளைக் கருணாகரன் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

"வாங்கிட்டீங்க. பூசாரி, சூடத்தக் கொண்டாங்க" என்றார் அம்மையார்.

கருணாகரனின் சிரிப்பு அப்படியே நின்றது. "இது சும்மா சட்ட முகாம்மா..."

"பேனர்ல பிராதுன்னு போட்டிருக்கே!" என்றது கூட்டம்.

இளம் அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ உள்ளூர்ச் சடங்கு என்று சந்தோஷப்பட்டு, "பண்ணிடுங்க சார், வீடியோவுக்கு நல்லா இருக்கும்" என்று கேமராவைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். பூசாரி முத்துக்கண்ணு கருணாகரனின் கையைப் பிடித்துச் சூடத்தை ஏற்றினார். சூடம் அணைந்தது.

அம்மையார் கேட்டார். "இந்தம்மா புருசன் குடிச்சிருந்தாரா?"

கருணாகரன் முனியப்பரின் உருட்டிய கண்ணைப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே நின்ற தன் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"எங்கண்ணன்?"

"இல்ல. ரெண்டு பேருமே குடிக்கல. தொட்டியில இருந்த விஷக்காத்த வெளியேத்தாம எறக்கிவுட்டாங்க. குடிச்சான்னு எழுதச் சொன்னது நான்தான்."

"சத்தமாச் சொல்லுங்க. எங்கம்மா செத்துட்டாங்க, இங்கேருந்து கேக்காது."

கருணாகரன் சத்தமாகச் சொன்னார். அம்மையார் அழவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். ஆலையின் கேமராவே அதையும் பிடித்துக்கொண்டது.

பிறகு நடந்ததற்கு வாதத்திறமை பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆலை கருணாகரனைக் கழற்றிவிட்டு, சமரசம் பேச ஆள் அனுப்பியது. பெரியநாயகி, "பணத்த அப்புறம் பாக்கலாம். எம்புருசன் குடிகாரன் இல்லன்னு ஜட்ஜய்யா வாயால சொல்லணும்" என்றுவிட்டார். ஜட்ஜ் சொன்னார். வீரப்பன் வழக்கு மட்டும் காலாவதியாகிப் போயிருந்தது. சட்டத்தில் அதற்கு வழியில்லை. சங்கத்தில் அன்று 'ஓசி வக்கீல்' என்ற பேச்சு எழவில்லை.

அடுத்த பௌர்ணமியில் கருணாகரன் கோயிலுக்கு வந்தார். மற்ற ஊர்களில் ராஜினாமா என்றால் வேலையை விடுவது. செவ்வேரியில் ராஜினாமா என்றால், பிராது கட்டியவர் தன் குறை தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்து முனியப்பரின் பிடியிலிருந்து எதிராளியை விடுவிப்பது. அது கிடைக்காதவரை எதிராளிக்குத் தூக்கம் கிடையாது. கருணாகரன் வக்கீல் அல்லவா, ராஜினாமாவைத் தானே பிசகில்லாமல் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அஞ்சலாட்சியார் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"வயசான மனுசன், விட்டுடும்மா" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். "இத்தோட மனசக் கழுவிடு. அப்பத்தான் நீ செஞ்சதெல்லாம் தொண்டாவும்" என்றார் தாசில்தார்.

அம்மையார் பேனாவை வாங்கினார். கை ஓடவில்லை. மன்னித்தால்தான் இத்தனை வருஷத் தொண்டும் சாமிக்கு ஏறும் என்றால் மன்னித்துத்தானே ஆக வேண்டும்? ஆனால் நெஞ்சில் மன்னிப்பு என்று ஒரு துளியும் இல்லை. இல்லாததை இருப்பதாக முனியப்பர் சன்னதியில் எழுதினால், தனக்கும் கருணாகரனுக்கும் என்ன வித்தியாசம்? "எனக்கு வரலியே சாமி" என்று வாய்விட்டுக் கதறினார். பாகுத் தொட்டியருகே அழாத அழுகையெல்லாம் அப்போது வந்தது.

பூசாரி முத்துக்கண்ணுவின் உடம்பு சிலிர்த்தது. கையிலிருந்த தட்டு உருண்டது. அவர் குரல் அவர் குரலாக இல்லை.

"யார்ரா அவகிட்ட ராஜினாமா கேக்கறவன்? பிராது கட்டுனவதான்டா ராஜினாமா குடுக்கணும். இவ கட்டுனது பிராது இல்ல!"

தாசில்தார் கைகூப்பி, "அப்ப அது என்னா சாமி?" என்றார்.

"வக்காலத்துடா! அன்னிக்கே என் வழக்க அவகிட்டக் குடுத்துட்டன். தொட்டியில செத்தவனும் நான்தான். வக்கீல் இல்லாம நின்னவளும் நான்தான். வந்த கட்சிக்காரன் பூராவும் நான்தான். அவ கோவம் என் கோவம். ஃபீஸ் கேக்காத வக்கீலு, அவளப் போயி கையெழுத்துக் கேக்கறியா?" முனியப்பர் கருணாகரனின் பக்கம் திரும்பினார். "கட்சிக்காரன் நான் சொல்லுறன். நான் சமரசத்துக்கு வரல. போ!"

கருணாகரன் போனார். அஞ்சலாட்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உருண்டு கிடந்த தட்டை எடுத்து வைத்தார்.

கோபத்தையே பூவாக்கிச் சாத்தி, சாமியையே கட்சிக்காரராகப் பெற்ற அம்மையார் அவர். அவர் கூட்டிய தரையில் நடப்பவர்களுக்கு வழக்கு என்றும் தோற்காதிருக்கட்டும்.