பின்மூலையில் ஜெனரேட்டரா, கக்கூஸா?

ராக்கியப்பன் மேஸ்திரியின் பாடி பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டித் தகட்டை எங்கே அறுக்க வேண்டுமோ, அங்கே வண்டிக்குச் சொந்தக்காரரே தன் கையால் சாக்பீஸ் கோடு போட வேண்டும். போட்ட பிறகு, "ஐயோ, இங்கே இல்லை, அங்கே" என்று அழக் கூடாது. அப்படி அழுதவர்கள் கரூரில் நிறையப் பேர். அதனால்தான் சட்டமே வந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் அறுப்பைத் தொடங்கியாக வேண்டும். நாச்சிமுத்து கையில் சாக்பீஸுடன் தன் வண்டியின் இடது பின்மூலையில் நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். லாரியை விற்றுவிட்டு ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, கேரவனாக மாற்றிக்கொண்டிருந்தார். படுக்கை, அடுப்பு, ஏ.சி. எல்லாம் வைத்து, குடும்பம் குடும்பமாக ஊட்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கூட்டிப் போகிற வண்டி. ஏ.சி. ஓட ஜெனரேட்டர் வேண்டும். அதை வண்டிக்குள்ளேயே பொருத்துவதா, அல்லது தனியாக ஒன்று வாங்கி, போகிற இடத்தில் இறக்கி வைத்துக்கொள்வதா? இதுதான் பத்து நாளாக அவருடைய தூக்கத்தைத் தின்றது.

மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். "மூலை ஒன்னுதானுங்க இருக்குது. ஜெனரேட்டரை உள்ள வெச்சா கக்கூஸ் கெடையாது. கக்கூஸ் வேணும்னா ஜெனரேட்டர் வெளிய. ரெண்டும் வேணும்னா வேற வண்டி பாருங்க."

நாச்சிமுத்துவின் மனைவி சாந்தாமணிக்குக் கக்கூஸ் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பயணத்திலும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஆண்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆளுக்கொரு வேப்பமரமாகத் தேடிப் போவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். அது இருபது வருஷத்து வயிற்றெரிச்சல். நாச்சிமுத்துவுக்கு அது தெரியும். தெரிந்தும், பொத்தானை அமுக்கியதும் உள்ளேயிருந்தே உறுமுகிற ஜெனரேட்டர் மேல் அவருக்கு ஒரு சபலம்.

சரி, விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று அவர் அர்த்தநாரியை அழைத்திருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அந்த இடத்தில்தான். அர்த்தநாரி சினிமாக் கம்பெனிகளுக்குக் கேரவன் ஓட்டி ஓய்ந்தவர். வாயைத் திறந்தால் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. வந்ததும் ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இறக்கி வெக்கற ஜெனரேட்டரைப் பத்தி என்னைக் கேளு. வால்பாறையில ஷூட்டிங். வெளிய ஒரு கல்லு மேல ஜெனரேட்டரை வெச்சு, வயரை வண்டிக்கு இழுத்து உட்டிருந்தேன். ஹீரோ உள்ள ஏ.சி.யில படுத்திருக்காரு. ஒரு யானை வந்துச்சு. ஓடற ஜெனரேட்டரை அப்படியே தும்பிக்கையில தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சு."

"அப்ப ஏ.சி. நின்னு போச்சுங்களா?" நாச்சிமுத்து பதறினார்.

"நிக்குமா? வயர்தான் கூடவே போகுதே! ஏழு கிலோமீட்டர் போச்சு."

ராக்கியப்பன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏனுங்க, ஏழு கிலோமீட்டர் வயர் எங்க வாங்குனீங்க?"

"வாங்குனது இருபது அடிதான். அந்தக் காலத்துச் செம்பு மேஸ்திரி, இழுக்க இழுக்க ஜவ்வு மிட்டாயாட்டம் வரும். வயரைப் புடிச்சுக்கிட்டே நடந்து போனேன். அங்க போய்ப் பார்த்தா, குளிருக்கு ஜெனரேட்டரைச் சுத்தி பதினாறு யானை படுத்துத் தூங்குது. எழுப்ப மனசு வரல. பெட்ரோல் தீர்ந்ததும் அந்த யானையே தூக்கியாந்து பழைய கல்லு மேல வெச்சுட்டு, காலி பெட்ரோல் டின்னை என் முன்னால நீட்டிக்கிட்டு நின்னுச்சு."

"அப்ப இறக்கி வெக்கறதுதான் நல்லதுன்னு சொல்றீங்களாண்ணா?" என்றாள் சாந்தாமணி ஆவலாக.

"எங்க அம்மிணி! யானையே தூக்குதுன்னா திருடன் தூக்க மாட்டானா? மழை வந்தா கொடை புடிக்கணும். உள்ள பொருத்தறதுதான் ராஜா. என் அடுத்த வண்டியில அதைத்தான் வெச்சேன்."

சாந்தாமணியின் முகம் தொங்கிப்போனது. நாச்சிமுத்துவின் சாக்பீஸ் தகட்டுப் பக்கம் ஒரு விரல் நகர்ந்தது.

"உடுமலைப் பக்கம் ஒரு ஊர்," அர்த்தநாரி குரலை உயர்த்தினார். "கரண்ட் இல்ல. பாவம்னு என் வண்டியிலருந்து ஒரே ஒரு ஒயரைக் கம்பத்துல மாட்டி உட்டேன். பதினோரு ஊருக்கு லைட்டு எரிஞ்சுது. சுவிட்ச் போடாத கிரைண்டரெல்லாம் சுத்த ஆரம்பிச்சுது. ஆளு இல்லாத வீட்டுல மாவு ஆட்டி வழிஞ்சு வாசலுக்கு வந்துருச்சு."

"அரிசி யாருங்க போட்டது?" என்றார் மேஸ்திரி.

"அதையெல்லாம் நின்னு பார்க்க எனக்கு ஏது நேரம்? மேல கேளு. அந்தக் கரண்டுக்குப் பதினோரு ஊரு பத்தாம, கம்பி வழியா ஏறிக் காத்தாலைக்குப் போயிருச்சு. காத்துல சுத்தற றெக்கை அன்னைக்குத் தானாச் சுத்திக் காத்தைக் கெளப்புது! பல்லடம் வரைக்கும் எல்லா றெக்கையும் ஃபேனாட்டம் ஒட்டுக்கா மேற்கேருந்து காத்தை இழுக்குது. கேரளாவுல நின்ன மேகமெல்லாம் மலையைத் தாண்டி இங்க வந்து கொட்டுச்சு. சித்திரை மாசம், தம்பி! அந்த வருசம் மூணு போகம்."

நாச்சிமுத்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். நாச்சிமுத்துவோ வடிகிற நெய்க்குக் கிண்ணம் ஏந்துகிற ரகம். சாக்பீஸின் முனை தகட்டைத் தொட்டது.

"ஏனுங்க, மணி பத்தேகால்," என்றார் மேஸ்திரி.

"ஒரே நிமிசம்," அர்த்தநாரி டின்னை முன்னால் நகர்த்திக்கொண்டார். "உள்ள பொருத்துனா அதிரும்னு சொல்லுவாங்க. அதிரட்டுமே! தனுஷ்கோடியில வண்டியை நிறுத்திட்டு நான் டீ குடிக்கப் போனேன். ஹீரோ உள்ள தூங்கறாரு. ஜெனரேட்டர் ஓடுது. அந்த அதிர்வுலயே வண்டி அங்குலம் அங்குலமா நகர்ந்து கடல்ல எறங்கிருச்சு."

"முழுகிருச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"முழுகணும்னா ஒரு எடத்துல நிக்கணுமில்ல? அது அதிர்ற அதிர்வுல தண்ணிக்கு உள்ள இழுக்க நேரமே கெடைக்கல. குதிச்சுக் குதிச்சுப் போகுது. நான் நீந்திப் போய்ப் பின்னால ஏணியைப் புடிச்சுக்கிட்டேன். ஹீரோ எந்திரிச்சுக் கதவைத் தொறந்து, 'ஷாட் ரெடியா?'ன்னாரு. எதுத்தாப்புல அந்தமான்! அங்கயே ஒரு டூயட் எடுத்துட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டோம். ஏ.சி. பதினாறுலருந்து பதினேழுக்கு ஏறல."

பட்டறையில் வேலை நின்று போயிருந்தது. அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டார். "இப்பச் சொல்லு தம்பி. இப்பேர்ப்பட்ட பொருளை வெக்கற மூலையில போய்க் கக்கூஸ் கட்டுவாங்களா?"

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு நிதானமாக வந்தது.

"அண்ணா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். நீங்க அந்த டின்னுல உக்காந்து எத்தனை நேரமாச்சு?"

"அரை மணி நேரம் இருக்கும் அம்மிணி."

"அரை மணி நேரமாச் சத்தம் நிக்கல. பட்டறையே அதிருது. நாங்களும் உங்களை எங்கயாவது அமுக்கி நிறுத்தலாம்னு பாக்கறோம், பொத்தான் எங்க இருக்குதுன்னே தெரியல. இந்தப் பட்டறை அகலமா இருக்கறதால தப்பிச்சோம். இதையே ஒரு வண்டிக்குள்ள பொருத்திக்கிட்டு ராமேஸ்வரம் வரைக்கும் போக முடியுமாண்ணா?" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இப்படிச் சத்தம் போடறதையெல்லாம் தூக்கி அம்பதடி தள்ளி வெக்கற மாதிரி இருந்தாத்தானுங்க மனுசன் பொழைப்பான். சக்கரம் வெச்சது ஒன்னு வாங்குங்க, நானே உருட்டிக்கிட்டுப் போயி வெக்கறேன். எத்தனை மழை பேஞ்சாலும் கொடை புடிக்கறேன். மூலை எனக்கு."

பட்டறை மொத்தமும் சிரித்தது. நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வெட்கமும் வந்தது. இருபது வருஷமாக இவளைத் தண்ணீர் குடிக்க விடாமல் ஊரெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறோமே என்று மனசு சுருக்கென்றது. மணி பத்து இருபத்தைந்து. அவர் குனிந்து, மூலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு ஒரு வட்டமும், கக்கூஸ் ஜன்னலுக்கு ஒரு சின்னச் சதுரமும் அழுத்திப் போட்டார். மேஸ்திரி கண்ணாடியை இறக்கினார். தீப்பொறி பறந்தது.

அர்த்தநாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. டின்னிலிருந்து எழுந்து, அறுக்கிற சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"என்ன அம்மிணி, என்னை அப்படி நெனச்சுட்டே? ஒரு தடவை சேலத்துல நான் காலையிலருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கேன், தெரியுமா?"

மேஸ்திரி அறுப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணா, யானை பெட்ரோல் கேட்டதை நம்பறேன். அந்தமான் போனதையும் நம்பறேன். ஆனா எதுக்கும் ஒரு அளவு வேணுமுங்க."