வெங்கச்சங்கல்

மீனலோசனியிடம் பாடம் கேட்க வேண்டும் என்று நல்லதம்பி வரவில்லை. இரண்டு பேருமே டாக்டர்கள். வயதில் நல்லதம்பிதான் மூன்று வருஷம் மூத்தவர். நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு, மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்திருந்தார். அந்த நிலையம் ஒன்பது வருஷமாக மீனலோசனியின் பொறுப்பில் இருந்தது.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தார். மீனலோசனி உடனே ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதில்லை. எந்த ஊர், என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார். வெளியே கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருக்கும்.

“இப்படிப் பேசினா ஒரு நாளைக்கு நூறு பேரை எப்படி மேடம் பார்க்கிறது?”

“பார்த்துடலாம் டாக்டர்.”

நல்லதம்பிக்கு அது பதிலாகவே படவில்லை.

வேலாயுதம் அவரிடம் வந்தது தை மாதத்தில். முப்பத்து நான்கு வயது. மூன்று மாதமாக இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது, இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. நல்லதம்பி எதையும் விட்டுவிடவில்லை. இரண்டு முறை சளி எடுத்து அனுப்பினார். இரண்டிலும் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேல் பாதியிலும் கடுகு தூவினாற்போலப் புள்ளிகள் தெரிந்தன. சளியில் கிருமி தெரியாத காசநோயும் உண்டு. ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்.

“வேலைக்குப் போலாமுங்களா?” என்று கேட்டான் வேலாயுதம்.

“தாராளமாப் போங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க.”

ஆறு மாதம் கழித்து வந்தபோது, வாசலில் இருந்து மேஜைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எடை இன்னும் நான்கு கிலோ இறங்கியிருந்தது. நல்லதம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாத்திரையை ஒழுங்காப் போடலை, அப்படித்தானே?”

“போட்டேனுங்க.”

“போட்டிருந்தா இப்படியா இருப்பீங்க? என்கிட்ட ஏன் பொய் சொல்றீங்க?”

வேலாயுதத்தோடு வந்திருந்த அவன் மனைவி பவளக்கொடி கையிலிருந்த மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள் சரசரவென்று விழுந்தன. ஆறு மாதத்து அட்டைகள், ஒன்று விடாமல்.

“காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல நானே எடுத்துக் குடுத்தனுங்க. ஒரு நாளும் தப்பலீங்க. நீங்க கேட்டா காட்டோணும்னுதான் எடுத்து வெச்சேன்.”

நல்லதம்பி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேயையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

“மேடம், எல்லாம் முறைப்படிதான் செஞ்சிருக்கேன். மருந்து ஏன் கேட்கலை?”

மீனலோசனி எக்ஸ்ரேயை வாங்கவில்லை. சீட்டைத்தான் வாங்கினார்.

“தொழில், கூலின்னு போட்டிருக்கே. என்ன கூலி?”

நல்லதம்பி அதைக் கேட்டிருக்கவில்லை.

மீனலோசனி எழுந்து வெளியே வந்தார். பெஞ்சில் சாய்ந்திருந்த வேலாயுதத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“வேலைக்குப் போற நாள்ல காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் என்ன செய்வீங்க?”

“மில்லுக்குப் போவேனுங்கம்மா. வெங்கச்சங்கல்லு அரைக்கிற மில்லு.”

“அந்த வெள்ளைக் கல்லா?”

“ஆமாங்க. கண்ணாடிக்கு, பீங்கானுக்கெல்லாம் அரைச்சு அனுப்பறது. மாவு கொட்டற எடத்துல நின்னு சாக்குப் புடிப்பேன். எட்டு வருசமாச்சு.”

“தூசி இருக்குமா?”

வேலாயுதம் லேசாகச் சிரித்தான். அதற்கே இருமல் வந்தது. அடங்கும்வரை மீனலோசனி காத்திருந்தார்.

“எதுத்தாப்புல நிக்கிறவன் மொகம் தெரியாதுங்கம்மா. துண்டைக் கட்டிக்குவோம்.”

“இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“கேக்கலீங்களே.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் நல்லதம்பிக்குத் தாங்கவில்லை.

“கடைசியா எப்ப மில்லுக்குப் போனீங்க?”

“போன மாசம் வரைக்கும் போனனுங்க. டாக்டரய்யா போகலாம்னு சொன்னாரில்லீங்களா.”

மீனலோசனி திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகப்பட்டதுதான். காசநோயே இல்லை. எட்டு வருஷத்துக் கல்மாவு நுரையீரலில் படிந்து, அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகிப்போயிருந்தது. அதைக் கரைக்க மருந்து கிடையாது. மேலும் தூசி போகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நல்லதம்பி வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனார். வாசலில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் அவன் உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டியது.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க.”

“அதனால என்னங்க? சரியாயிரும்னு நானும் நம்பினேன். நீங்களும் நம்புனீங்க.”

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போனார். சுகாதார நிலையத்திலிருந்து ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். கரண்ட் போனால் பவளக்கொடி விசிறி மட்டையோடு ஓடி வருவாள். ஒருநாள் வேலாயுதம் சொன்னான்: “அம்பது கிலோ மூட்டையை அலுங்காமத் தூக்குனவனுங்க நான். இப்ப மூச்சு இழுக்கறதுக்கு ஒரு ஆளு வெச்சுக்கலாம் போலிருக்குது.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நல்லதம்பியும் சிரிக்க முயன்றார்.

கார்த்திகை மாதம் ஒரு பகலில், கட்டிலில் உட்கார்ந்தபடியே வேலாயுதம் இறந்துபோனான். நல்லதம்பி போனபோது சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பவளக்கொடி அவரைப் பார்த்து எழுந்து நின்றாள். “வந்துட்டீங்களாங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு, மீனலோசனியின் அறையில் வந்து உட்கார்ந்தார்.

“முதல் நாளே நான் கேட்டிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா மேடம்?”

“தெரியலை டாக்டர். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.”

“வேலைக்குப் போங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“ஆமா.”

மழுப்பாமல் வந்த அந்த ஒரு சொல்லில் அவர் உடைந்துபோனார். மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மீனலோசனி எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிரும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“இதை மனசுல வெச்சுக்கிட்டு நான் இனி எப்படி மேடம் அந்த நாற்காலியில உட்காருவேன்?”

மீனலோசனி கேட்டார்:

“மில்லில அவர் சாக்குப் பிடிச்ச இடத்துல இப்ப யார் நிக்கிறாங்க, டாக்டர்?”