மூன்று வயது மனுதாரர்கள்

ராஜா இருந்தால் மந்திரி இருப்பான். மந்திரி இருந்தால் முட்டுக்கட்டை இருக்கும். முல்லைமேட்டு நாட்டில் மூன்றுக்கும் குறைவில்லை.

ராஜா பேர் திடவீரர். பேருக்குத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூடும் சபையில் அவர் கண் திறந்திருந்தால் அது விசேஷ நாள். மந்திரி சிவக்கொழுந்து, யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்பதை விதவிதமாகச் சொல்லத் தெரிந்தவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் பேராச்சி. ஜனங்களின் மனு ஓலைகளைச் சபையில் வாசிப்பது அவள் வேலை. ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அவளும் விடமாட்டாள்.

ராஜா தன் பெருமைக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கல் சுமந்த வேலம்மை, தன் மூன்று வயது மகள் சின்னக்கிளியைப் பழைய சேலையால் சாரக்கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். வேறு என்ன செய்வாள்? நாடு முழுக்க அம்மாக்கள் இப்படித்தான். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்தது. பிள்ளை கல் குவியல் பக்கம் ஓடியது. கல் உருண்டு இரண்டு விரல் நசுங்கிப்போனது. அந்தக் கைக்குத் துணி சுற்றியவள் பேராச்சி.

மறுநாளே சபையில் ஓலை வாசித்தாள். பள்ளிக்கூட வயசு வராத பிள்ளைகளுக்கு ஊருக்கு ஒரு வீடு வேண்டும். நல்ல கூரை, சூடாகக் கஞ்சி, பாட்டும் கதையுமாக எண்ணும் எழுத்தும் காட்டிக்கொடுக்க ஓர் ஆள். அவ்வளவுதான்.

மந்திரி சிரித்தார். இந்தச் சபையில் ஒரு பழைய சட்டம் உண்டு என்று ஞாபகப்படுத்தினார். ஓலையை யார் வாசித்தாலும், குறை யாருடையதோ அவர்தான் நேரில் வந்து நிற்கவேண்டும். அவருக்குப் பதிலாக இன்னொருத்தர் வரக்கூடாது. எந்தப் பிள்ளை வந்து அழுதது என்று கேட்டார்.

ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பிள்ளைங்களே வந்து கேட்கட்டும், செய்யறேன். மூணு மாசத்துல வரலைன்னா ஓலையை வெச்சுட்டு நீ வீட்டுக்குப் போயிடு, பேராச்சி."

"சரிங்க மகாராஜா" என்றாள் அவள். அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

ஊர் ஊராக நடந்தாள். நாற்று நடும் வயல், சந்தை, கிணற்றடி, ஒன்று விடவில்லை. முதலில் ஒருத்தியும் நம்பவில்லை. "பேச்சே சரியா வராத பிள்ளை ராஜாகிட்ட என்னத்தச் சொல்லும்க்கா?" என்று வேலம்மையே கேட்டாள். பேசவேண்டாம், வந்தால் போதும் என்றாள் பேராச்சி. ஓர் ஊரில் மேலத்தெருப் பிள்ளைகள் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று கீழத்தெரு முறுக்கிக்கொண்டது. சந்தோஷம், அப்படியானால் வீடு மேலத்தெருவுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு நடந்தாள். விடிவதற்குள் கீழத்தெரு முன்வரிசையில் நின்றது. ஓர் ஊர்க்காரி அடுத்த ஊர்க்காரிக்குச் சொன்னாள். அவள் அதற்கடுத்த ஊருக்கு.

கெடு முடிவதற்குள், ஜனங்கள் நேரில் வந்து மனு கொடுக்கும் பௌர்ணமி நாள் வந்தது. கோட்டைவாசல் திறந்தது. இருநூறு பிள்ளைகள் உள்ளே வந்தன. அம்மாக்கள் வாசலில் நின்றுவிட்டார்கள்; குறை உள்ளவர்கள்தானே உள்ளே வரலாம்?

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னால் நின்றது சின்னக்கிளி. கம்பீரமாக, "உன் குறை என்ன?" என்றார்.

"நீ யாரு?" என்றது அது.

ராஜா தொண்டையைச் செருமி, நான்தான் ராஜா என்றார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை.

அதற்குள் ஒரு பிள்ளை சிம்மாசனத்துக் காலடியில் ஒன்றுக்குப் போனது. இரண்டு பிள்ளைகள் மந்திரியின் அங்கவஸ்திரத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தன. ஒன்று அழுதது. ஒன்று அழுதால் போதாதா? இருநூறும் அழுதன. மந்திரி எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போடச் சொல்லிக் கத்தினார். காவலர்கள் அசையவில்லை. மந்திரி சொன்ன அதே சட்டத்தில் இன்னொரு பாதியும் இருந்தது, அது அவர்களுக்கு மனப்பாடம்: பதில் கிடைக்கிறவரை மனு கொடுக்க வந்தவர் மேல் யாரும் கை வைக்கக்கூடாது.

ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "இதுங்களுக்கு என்னதான் வேணும்?"

"கஞ்சி சொல்லுங்க மகாராஜா. பாடத் தெரிஞ்ச ஆளையும் கூப்பிடுங்க" என்றாள் பேராச்சி.

அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து கஞ்சி வந்தது. அந்தப்புரத்துப் பெண்கள் வந்து காக்காய்ப் பாட்டுப் பாடினார்கள். ஒருத்தி சோழியை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, பிள்ளைகளும் கூடவே எண்ணின. கொஞ்சநேரத்தில் சபை அடங்கியது. சின்னக்கிளி விரல் நசுங்கிய கையால் சோழியைப் பொறுக்கி ராஜா மடியில் போட்டு, எண்ணச் சொன்னது. ராஜா எண்ணினார். ஐந்துக்கு அப்புறம் ஆறைத் தாண்டி ஏழு என்றுவிட்டார். பிள்ளை திருத்தியது.

பேராச்சி மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு ஓலையில வாசிச்சது இதைத்தான்."

ராஜா வாய் திறப்பதற்குள் மந்திரி காதோரம் குனிந்தார். எல்லாம் இப்போது சமர்த்தாக இருக்கின்றன, ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்றார். அதையும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லித் தொலைத்தார்.

"தாராளமா அனுப்புங்க" என்றாள் பேராச்சி. "இன்னிக்கு வந்தது வடக்குப் பக்கத்துப் பிள்ளைங்க மட்டும்தான். தெற்குப் பக்கத்துப் பிள்ளைங்க அடுத்த பௌர்ணமிக்கு வருவாங்க. இதுல ரெண்டு மடங்கு. அங்கே இப்போ மாம்பழக் காலம், மகாராஜா. எல்லாத்துக்கும் வயிறு இளக்கம்."

ராஜா தரையைப் பார்த்தார். சிம்மாசனத்தைப் பார்த்தார். அப்புறம் மடியிலிருந்த சோழியெல்லாம் சிதறும்படி சிரித்தார். மண்டப வேலையை நிறுத்தி, அந்தக் கல்லையெல்லாம் பிள்ளைகள் வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த வீடுகளுக்கெல்லாம் பேராச்சியே அதிகாரி என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு ஊர் ஆணை போனது. தெற்குப் பக்கத்து ஊர்களுக்கு முதலில், குதிரையில்.