கறுப்புக் காருக்கு வைத்த பொட்டு

மடையான் கொக்கு தன் இணையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, கண்மாய்க்குக் கறுப்புக் கார் வந்த அன்று காலையில்.

கரைமேல் நின்ற மருதமரத்தில் அவற்றின் கூடு இருந்தது. கூட்டில் இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள். மதகு வேலையைப் பார்க்க வந்த ஓவர்சியர் அருள்தாஸ், நிழல் தேடி, காரை அந்தக் கூட்டுக்கு நேர் கீழே நிறுத்திவிட்டுப் போனார். பெண் கொக்கு எழுந்து சிறகை உதறியது. சொத்தென்று காரின் முகப்பில் எச்சம் விழுந்தது.

"பாத்தீங்களா? கறுப்பு மூஞ்சிக்கு ஒரு பொட்டு வச்சுட்டேன்!" என்று அது சிரித்தது. "பிள்ளைகளைப் பாத்துக்குங்க. மீனோட வந்துடறேன்."

வரவில்லை. கரையோரம் யாரோ கட்டியிருந்த வலையில் அது செத்துக் கிடந்ததை அதே மரத்தில் குடியிருந்த அணில்தான் வந்து சொன்னது.

அதன்பிறகு மடையானுக்குத் தூக்கம் இல்லை. இரைக்குப் போனால் குஞ்சுகளை நினைத்துப் பயம். கூட்டில் இருந்தால் குஞ்சுகளின் பசியை நினைத்துப் பயம். கார் மட்டும் தினமும் வந்து அதே இடத்தில் நின்றது. கரையில் வேறு நிழல் கிடையாது. மதியம் தாண்டினால் அந்த நிழலும் விலகிவிடும். கார் வெயிலில் காயும்.

காரின் பின்பக்கத்துக்கு மேலே இன்னொரு கிளை. அங்கே நீர்க்காகங்கள் புதுக்கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தங்கள் எச்சத்தைப் பற்றிப் பெரிய பெருமை.

"நம்ம எச்சம்னா லேசா?" என்றது பெரிய நீர்க்காகம். "அது கலந்த தண்ணி பாஞ்சாத்தான் இந்த ஊர் வயல்ல நெல்லு கொழிக்குது. நாம பயந்து போயிடக்கூடாதுன்னுதானே தீபாவளிக்குக்கூட இவங்க வெடி போடறதில்ல! இந்தக் காரைப் பாருங்க, பாவம், பொறந்ததுலேருந்து வளரவே இல்ல. போடுங்கப்பா, நல்லா வளரட்டும்!"

சொத், சொத் என்று விழுந்தது.

ஒருநாள் பிற்பகலில் அணில் மூச்சிரைக்க மரமேறி வந்தது. "மாமா! சங்கதி சரியில்ல. கீழ என்ன பேசறாங்கன்னு கேளு!"

மடையான் கழுத்தை நீட்டியது. அருள்தாஸ் காரின் முகப்பைக் காட்டிக் கண்மாய்க் காவல்காரர் சீமைச்சாமியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் போச்சுய்யா! நாளைக்கு ஆளை வரச்சொல்லி இந்தக் கிளையை வெட்டு!"

"குஞ்சு இருக்குங்க. பறவை எச்சத்துல போய் பெயின்ட் போகுமா?"

"வந்து தொட்டுப் பாரு! தொடைச்சாச்சு, கழுவியாச்சு. தடம் போகுதா?"

மனிதர்கள் நகர்ந்ததும் மடையான் கீழே இறங்கியது. காரின்மேல் கால் வைத்தால் தோசைக்கல் போலச் சுட்டது. காய்ந்து கிடந்த எச்சம் ஒன்றை அலகால் பெயர்த்தது. அடியில் பளபளப்பு செத்து, மங்கலாக ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில் அப்போதுதான் விழுந்த ஈர எச்சம் ஒன்று. கண்மாயில் முங்கி வந்து அதன்மேல் சிறகை உதறியது. எச்சம் வழிந்து ஓடியது. அடியில் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

மடையான் நீர்க்காகங்களிடம் பறந்தது.

"அண்ணே! நம்ம எச்சம் தண்ணியில விழுந்தாத்தான் உரம். சுடற தகரத்துல காஞ்சா புண்ணு! விழுந்ததும் கழுவிட்டா ஒண்ணும் ஆகல. நீங்க முங்கி எந்திரிச்சு எங்கயோ ஒரு மொட்டைக் கட்டையில உக்காந்து சிறகு காயவைக்கிறீங்களே, அந்த ஈரத்தை இந்தக் கார் மேல உதறக்கூடாதா? நாளைக்குக் கிளையை வெட்ட வர்றாங்க!"

"வரத்தைக் கழுவச் சொல்றான் பாருடா!" என்று பெரிய நீர்க்காகம் சிரித்தது. "பொண்டாட்டி போனதுல இவனுக்குப் புத்தியும் போயிடுச்சு."

மடையான் தன் கூட்டுக்குத் திரும்பிப் பறந்தது.

மறுநாள் கார் வந்து நின்றதும் அது வேலையைத் தொடங்கியது. குஞ்சுகளின் எச்சம் விழும். மடையான் கண்மாயில் முங்கும். பறந்து வந்து காரின் முகப்பில் உதறும். மறுபடி முங்கும்.

"அப்பா, பசிக்குது!"

"இருங்கடா கண்ணுகளா. இப்ப வந்துடறேன்."

"அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க!"

அதைக் கேட்டு மடையானின் சிறகு ஒரு கணம் நின்றது. ஆனாலும் பறந்தது. இடையில் ஒரு காக்கை கூட்டின் பக்கம் தாவியது. "கீச்! கீச்! மாமா, ஓடியா!" என்று அணில் அலறியது. மடையான் ஈரத்தோடு வந்து காக்கையை விரட்டியது. மீண்டும் முங்கியது. இணை வைத்த பழைய பொட்டின் தடத்தையும் உதறி உதறிப் பார்த்தது. மற்றப் பழைய தடங்களைப் போல அதுவும் போகவில்லை.

மதியம் தாண்டி, அரிவாளோடு ஓர் ஆள் வந்தான். பின்னால் அருள்தாஸும் சீமைச்சாமியும். ஆள் மரத்தில் கால் வைத்தான். மடையான் குஞ்சுகளைச் சிறகால் மூடிக்கொண்டது. அதன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் சீமைச்சாமி. "முன்பக்கம் அந்தப் பழைய தடங்கதாங்க இருக்கு. புதுசா ஒண்ணுமே இல்ல. பின்பக்கத்தைப் பாருங்க!"

பின்பக்கம் முழுக்க வெள்ளையாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அருள்தாஸ் முகப்பைத் தடவினார். கை நனைந்தது.

"மழையா பேஞ்சுச்சு?"

"இல்லீங்களே."

அருள்தாஸ் மேலே பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்த கொக்கு ஒன்று குஞ்சுகளை மூடிக்கொண்டு இருந்தது. "சரி, இந்தக் கிளை கிடக்கட்டும். பின்னாடி இருக்கறதை மட்டும் இறக்கு."

கிளை முறிந்து விழுந்தது. பாதி கட்டிய கூடுகள் சுள்ளி சுள்ளியாகச் சிதறின. நீர்க்காகங்கள் கதறிக்கொண்டு வட்டமிட்டன.

"நன்றிகெட்ட கார்!" என்று கத்தியது பெரிய நீர்க்காகம்.

அவை கண்மாயின் நடுவில் நிற்கும் கருவேல மரங்களுக்குப் போய், முதல் சுள்ளியிலிருந்து மறுபடி கட்டத் தொடங்கின. அங்கே அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்தது. மடையானின் குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்தன.

ஓரிடத்தில் நல்லது செய்த பெருமையில் கிடப்பவர்கள், வேறோரிடத்தில் தாங்கள் செய்யும் கெடுதலைக் காயுமுன் கழுவ மறந்து, இருந்த இடத்தையும் இழப்பார்கள்.

முதல் நாள் வைத்த அந்தப் பொட்டின் தடம், காரின் முகப்பில் இன்னும் இருக்கிறது.