தொட்டியில் கிடந்த மெத்தை

காலையிலிருந்து செங்கலும் மண்ணும் சுமந்ததில் அன்னத்தாய்க்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பழைய வீட்டை இடித்த குப்பையை அள்ளிப்போட, வாடகைக்கு எடுத்த பெரிய இரும்புத் தொட்டி தெருவில் நின்றது. அவள் கஞ்சி குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ அதில் ஒரு பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

தொட்டியை எடுக்க வந்த லாரி டிரைவர் கையை விரித்தார். "கல்லு மண்ணு மட்டுந்தாம்மா ஏத்துவோம். மெத்தையை எடுத்தாத்தான் வண்டி நகரும்."

தெருச் சங்கத் தலைவர் தெய்வநாயகம் மாடியிலிருந்து அதட்டினார். "தொட்டி ஏன் இன்னும் வழியை மறிக்குது? மெத்தையை நீயே சுமந்துட்டுப் போய் எங்கேயாவது தொலை!"

அன்னத்தாய்க்கு அதற்குத் தெம்பில்லை. மெத்தையின் கிழிசலை விலக்கிப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். "மெத்தைக்குள்ள என்னமோ இருக்கு! சொந்தக்காரங்க வந்தா குடுத்துர்றேன்!"

தலைவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். "தொடாதே! அது எங்க வீட்டு மெத்தை."

"நல்லாத் தெரியுமாய்யா?"

"நான் படுத்துப் புரண்ட மெத்தை எனக்குத் தெரியாதா? உள்ளே என்ன இருக்கு?"

"மூட்டைப்பூச்சிங்கய்யா. ஒண்ணுகூட எடுக்கல, அப்படியே கொண்டுபோங்க."

வாசலுக்கு வாசல் சனம் நின்று சிரிக்க, தலைவர் மெத்தையை இழுத்துக்கொண்டு படியேறினார். லாரி புறப்பட்டது. அன்னத்தாய் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.