ஆரல்வாய்மொழிக் காத்தைக் குடித்த அம்பாசிடர்

வடசேரி கார் ஸ்டாண்டில் மத்தியானம் சவாரி கிடையாது. அந்த நேரத்தில் ஓடுவது ஏசுவடியான் அண்ணாச்சியின் வாய் மட்டும்தான்.

"என் வண்டி பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்கு" என்று வேலப்பன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"குடிக்காம?" என்றார் அண்ணாச்சி. "ஆக்சிலேட்டரை எலியைக் கண்ட மாதிரில்லா மிதிக்கே! எஞ்சினுக்கு வேண்டியது காத்துலே, காத்து. நான் ஏர் ஃபில்டரைத் தெனமும் தட்டி ஊதி வைப்பேன். போன ஆடியில பணகுடியில இருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்திட்டு வாறேன். வலி கண்டாச்சு. புருசன்காரன் முன்சீட்டுல அழுதுட்டு இருக்கான். பார்த்தா, பெட்ரோல் முள்ளு அடியில கெடக்கு. வழியில பங்க் எல்லாம் அடைப்பு."

"நடுவழியில நின்னுட்டியளா?" என்றான் வேலப்பன்.

"நிக்கவா? காலை எடுத்துட்டுப் பெருவெரல் நகத்தை மட்டும் வச்சேன். அறுபதுல போவுது! ஆரல்வாய்மொழிக் கணவாயில முப்பந்தல் வந்துது. ஆடிக் காத்து ஆளைத் தூக்குது. நகத்தையும் எடுத்துட்டேன். மிதிக்கணும்னு மனசுல நெனச்சதுதான். எண்பது!"

"பெட்ரோல் இல்லாமயா?"

"யாரு இல்லைன்னா? முள்ளு மேல ஏறுது மக்கா! எஞ்சின் காத்தை இழுக்க இழுக்க டாங்க் நெறையுது. மூடி வழியா வழிஞ்சு ரோட்டுல ஓடுது. பின்னால வந்த பைக்குக்காரன் கேன்ல பிடிச்சிட்டுப் போனான்."

ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதீங்க. ஒரு உயிர் போகப் பாத்துது. காத்து பூரா எஞ்சினுக்குள்ள போயாச்சு. மலையடிவாரத்துல கரண்டு எடுக்க நட்டிருக்க அம்புட்டு காத்தாடியும் நின்னுபோச்சு. வாழைத்தோப்புல ஒரு எலை அசையல்ல. அந்நேரம் பார்த்துப் பின்சீட்டுல பிள்ளை பொறந்துட்டு. ஆனா அழல்ல! மூச்சு விடக் காத்து வேண்டாமா? தாய்க்காரி கதறுகா. சட்டுன்னு எஞ்சினை ஆஃப் பண்ணினேன். உள்ள போன காத்து அம்புட்டும் ஒரே மூச்சுல வெளிய வந்துது பாரு, பிள்ளை வீல்னு ஒரு சத்தம்! அந்த வேகத்துல வண்டி பறந்துபோய் நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுது. எஞ்சின் ஆஃபுலயே!"

வேலப்பன் எழுந்துபோய் அண்ணாச்சியின் அம்பாசிடரில் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது டீசல் வண்டில்லா?"

அண்ணாச்சி நிதானமாக டீயை உறிஞ்சினார்.

"அம்புட்டுக் குளுந்த காத்து உள்ள போனா, பெட்ரோல் உறைஞ்சு டீசலாவாம பின்ன என்ன ஆவும்?"