திரும்பி வருவார்

கிரிக்கெட் பந்தயச் செயலிகளுக்குக் கடிவாளம் போடுவதா வேண்டாமா என்று அரசு கூட்டிய கூட்டம் அது. அப்படியொரு செயலிக் கம்பெனியின் அதிகாரி எழுந்து மார்தட்டினார். "சட்டமெல்லாம் எதுக்கு? விளையாடற ஒவ்வொருத்தர் மேலயும் நாங்களே ஒரு கண்ணு வெச்சிருக்கோம். எங்களால கெட்டுப்போனவங்க ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்!"

டீ கொடுத்துக்கொண்டிருந்த செல்லக்கிளி தட்டைக் கீழே வைத்தாள். ஒரு போன் நம்பரைச் சொன்னாள்.

"இவர் எப்படி இருக்கார்னு கொஞ்சம் பாருங்க சார்."

லேப்டாப்பைத் தட்டிய அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "தங்கமான கஸ்டமர்மா! சில மாசமா விளையாட வரலை. தினமும் மெசேஜ் அனுப்பறோம், போனஸ்கூட போட்டிருக்கோம். கட்டாயம் திரும்பி வருவார்."

"வந்தா எனக்கும் சொல்லி அனுப்புங்க சார்" என்றாள் செல்லக்கிளி. "எம் புருசன்தான். உங்க ஆட்டத்துல எல்லாத்தையும் தோத்துட்டு, உசுரையும் விட்டு ஏழு மாசமாச்சு."